ஏலத்தில் எடுத்த கிரவுன் விக்டோரியா: ஒரு பழைய பெரிய காரின் வரவு செலவு

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, கையில் மூவாயிரம், நாலாயிரம் டாலரோடு கார் தேடுகிற எவரும் ஒரு கட்டத்தில் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா விளம்பரத்தில் வந்து நிற்பார்கள். எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், அடியில் லாரி மாதிரி தனி சேசிஸ், சோபா போன்ற இருக்கை, நாலு பெரிய பெட்டியை விழுங்கும் டிக்கி. அதே விலைக்குக் கிடைக்கும் பழைய ஜப்பானியக் காரைவிட வயதிலும் ஓட்டத்திலும் குறைவாகவே தெரியும். இவ்வளவு கொடுத்தும் ஏன் இவ்வளவு மலிவு என்ற கேள்வி எழ வேண்டும். பலருக்கு எழுவதில்லை.

ஓஹாயோவில் நண்பர் ஒருவர் எடுத்த 2008 மாடல் காரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிறு நகராட்சியின் போலீஸ் பிரிவு கழித்துவிட்ட கார். இணைய ஏலத்தில் எடுத்தார். ஏலக் கமிஷன், விற்பனை வரி, பதிவு எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் டாலர். அந்தக் காருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் என்னென்ன ஆனது, எதற்கு எவ்வளவு போனது, அதில் எது அந்த மாடலுக்கே உரிய நோய், எது வயதால் வந்தது, எது போலீஸ் பிழைப்பால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம்.

முதலில் வண்டியின் பூர்வீகம் கொஞ்சம். ஃபோர்டின் 'பேந்தர்' அடித்தளம் 1979 மாடல் ஆண்டில் வந்தது. அதே அடித்தளத்தில்தான் கிரவுன் விக்டோரியா, மெர்க்குரி கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார் மூன்றும் நின்றன. கிரவுன் விக்டோரியாவுக்கு 1992 மாடலில் 4.6 லிட்டர் வி8 வந்தது. 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஷெவர்லே கப்ரீஸை நிறுத்தியதும் போலீஸ் கார் சந்தை ஏறக்குறைய முழுவதும் ஃபோர்டின் மடியில் விழுந்தது. டாக்ஸிக்காரர்களுக்கும் இதுவே கதி. 2008 மாடல் முதல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு ஷோரூம் விற்பனையே இல்லை; போலீஸ், டாக்ஸி, அரசு அலுவலகங்களுக்கு மட்டும். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011 செப்டம்பரில் கடைசிக் கார் இறங்கியது. அது சவுதி அரேபியாவுக்குப் போனது. வளைகுடாவில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு இந்தக் கார் அந்நியமில்லை; அங்கே இதைக் குடும்ப வண்டியாகவே வைத்து ஓட்டினார்கள்.

இந்த வரலாறு எதற்கு என்றால், உதிரிபாகம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே இதுதான். ஒரே அடித்தளம், ஒரே இன்ஜின், இருபது ஆண்டு, மூன்று பிராண்டு. பழைய இரும்புக் கடைகளில் இந்தக் குடும்பத்துக் கார்கள் வரிசையாகக் கிடக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார்.

இனி அந்தக் கார். ஏலப் பக்கத்தில் 92 ஆயிரம் மைல் என்று போட்டிருந்தது. "அண்ணா, பதினஞ்சு வருசத்துக் கார், லட்சம்கூட ஓடலை" என்று நண்பருக்கு ஒரே சந்தோஷம். பிந்திய போலீஸ் மாடல்களின் மீட்டர் பலகையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஓடோமீட்டர் திரையின் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால், இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் எத்தனை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓடியது என்று இரண்டு எண் வரும். இந்தக் காரில் மொத்தம் 7,200 மணி நேரம். ஐடிலில் மட்டும் 4,300.

போலீஸ் கார் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டுதான் இருக்கும். ரேடியோ, கம்ப்யூட்டர், மேலே விளக்கு, உள்ளே ஏசி எல்லாம் ஓட வேண்டும் என்பதால் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். ஒரு மணி நேர ஐடிலிங்கை ஏறக்குறைய 33 மைல் ஓட்டமாக எடுத்துக்கொள்ளச் சொல்வது ஃபோர்டின் கணக்கு. 4,300-ஐ 33-ஆல் பெருக்கினால் 1,41,900 மைல். ஓடோமீட்டரில் தெரியும் 92 ஆயிரத்தோடு கூட்டினால், அந்த இன்ஜினின் உண்மையான வயது இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மைலைத் தாண்டுகிறது.

இதைப் பார்த்ததும் பயந்து ஓட வேண்டியதில்லை. ஐடிலிங் தேய்ப்பது இன்ஜினையும் அதில் தொங்கும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசரையும்தான். கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷனுக்கு அந்த மணி நேரம் ஓய்வு. 4.6 வி8 இரண்டு லட்சம், மூன்று லட்சம் மைல் போவது டாக்ஸி உலகில் சாதாரணம். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். லட்சத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவு இல்லை. ஆனால் விலை பேசும்போது 92 ஆயிரம் மைல் காருக்கான விலை கொடுக்கக் கூடாது. நண்பர் கொடுத்தது பெரிய தவறில்லை; இன்னும் ஐந்நூறு குறைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்த மாடலின் பெயர்போன நோய் இன்டேக் மேனிபோல்டு. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெரிய பாகத்தை எடை, செலவு குறைக்க ஃபோர்டு பிளாஸ்டிக்கில் வார்த்தது. அது வரைக்கும் சரி. ஆனால் இன்ஜினின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் கூலண்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) ஒன்றுசேர்ந்து, சூட்டைப் பார்த்து அதைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் குறுக்குக் குழாயையும் அதே பிளாஸ்டிக்கிலேயே வார்த்துவிட்டார்கள். நாள் முழுக்கக் கொதிநீரும் அழுத்தமும் பட்டுப் பட்டு, முன்பக்கத்தில் ஆல்டர்னேட்டருக்குப் பக்கத்தில் அது விரிசல் விடும். 1996 முதல் 2001 வரையான கார்களில் இது அவ்வளவு பரவலாக இருந்ததால் வழக்கு வரை போய், ஃபோர்டு உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் அந்தக் குறுக்குக் குழாயை மட்டும் அலுமினியத்தில் செய்து பிளாஸ்டிக்கோடு இணைத்தார்கள். பழைய காரை வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது, பானெட்டைத் தூக்கி, தெர்மோஸ்டாட் மூடிக்குக் கீழே இருப்பது கறுப்புப் பிளாஸ்டிக்கா, வெள்ளி நிற அலுமினியமா என்று பார்ப்பதுதான். பத்து விநாடி வேலை.

2008 கார் என்பதால் நண்பருடையதில் அலுமினியம்தான். ஆனாலும் அவருக்கு அதே இடத்தில்தான் பிரச்சினை வந்தது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேருமிடத்தில் ஒரு ரப்பர் கேஸ்கெட். வயதானால் அது இறுகி, சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் வேறு வேறு அளவில் இருக்கும் இரு பொருள்களுக்கு இடையே பிடிப்பை இழக்கிறது. வெளியே சொட்டுச் சொட்டாக விழுந்தால் கண்ணில் பட்டுவிடும். அப்படி விழாமல், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் தேங்கும். அங்கிருந்து சூட்டில் ஆவியாகிவிடுவதால் தரையில் ஈரமே இருக்காது. கூலண்ட் டப்பாவில் அளவு மட்டும் மாதாமாதம் குறையும்.

நண்பரின் காரில் முதலில் தெரிந்தது கூலண்ட் குறைவுகூட இல்லை. சிக்னலில் நிற்கும்போது ஒரு நடுக்கம், செக் இன்ஜின் விளக்கு. ஸ்கேனர் மாட்டினால் ஒரு சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. இந்த இன்ஜினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும். பிளக் ஆழமான கிணறு போன்ற குழிக்குள் இருக்கும். காயிலைக் கழற்றி மேலே இழுத்தபோது அதன் ரப்பர் குழலின் நுனி ஈரமாக, பச்சை மஞ்சளாகப் பூத்திருந்தது. டார்ச் அடித்தால் குழிக்குள் பிளக்கின் பீங்கான் கழுத்துவரை தண்ணீர். மெல்லிய இனிப்பு வாடை, அது கூலண்ட். காயில் கொடுக்கும் மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் இந்தத் தண்ணீர் வழியாக இன்ஜின் உடம்புக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

இங்கேதான் பணம் வீணாகும். பல பட்டறைகளில் காயிலையும் பிளக்கையும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் புதுக் காயிலும் போய்விடும். குழியில் தண்ணீர் ஏன் வந்தது என்று கேட்காமல் காயில் மாற்றுவது கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரி. குழியைக் காற்றடித்து உலர்த்தி, கூலிங் சிஸ்டத்துக்கு அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் கசிவு எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் அவர் மேனிபோல்டையே புதிதாகப் போட்டார். அசல் அல்லாத பாகம் இருநூறு டாலர் அளவில் கிடைக்கிறது. கூலி அதைவிட அதிகம், அரைநாளுக்கு மேல் பிடிக்கும் வேலை. பிளக் எட்டு, தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலண்ட் சேர்த்து எழுநூறு டாலருக்கு முன்பின். கையில் கருவியும் பொறுமையும் உள்ளவர் ஒரு சனிக்கிழமையில் பாதிச் செலவில் முடிப்பார். கஷ்டமான வேலையில்லை, நீளமான வேலை. மேனிபோல்டு போல்ட்டுகளைச் சொன்ன வரிசையில், சொன்ன அழுத்தத்தில் முறுக்குவது மட்டும் முக்கியம். பிளாஸ்டிக் என்பதால் ஆத்திரப்பட்டு இறுக்கினால் விரிசல் அன்றைக்கே தொடங்கிவிடும்.

கசிவைக் கவனிக்காமல் விட்டால் இன்ஜின் வெந்துபோகும் என்று மிரட்டுவார்கள். இந்த வி8-இல் அதற்கும் ஒரு முன்யோசனை உண்டு. வெப்பம் அளவு மீறினால் கம்ப்யூட்டர் பாதிச் சிலிண்டர்களுக்குப் பெட்ரோலை மாற்றி மாற்றி நிறுத்திவிடும். எரியாத சிலிண்டர்கள் வெறும் காற்றை இழுத்து விட்டு இன்ஜினைக் குளிரவைக்கும். வேகம் செத்துப்போகும், ஆனால் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்த அவகாசம் கிடைக்கும். அதை நம்பி ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

ஸ்பார்க் பிளக் என்றதும் இன்னொன்று. பழைய 4.6 இன்ஜின்களில் பிளக்கைப் பிடித்திருக்கும் திருகுப்புரி மிகக் குறைவு. அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்த சம்பவங்கள் உண்டு. டமால் என்று துப்பாக்கிச் சத்தம், பிறகு டக டக டக. 1990-களின் இறுதிக் கார் வாங்குபவர், முன்பு யாராவது பிளக்கை அரைகுறையாக முறுக்கினார்களா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால் குளிர்ந்த இன்ஜினில் எட்டையும் ஒருமுறை, முறுக்கும் அழுத்தத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்துச் சரிபார்த்துவிடுவது நல்லது.

கியர்பாக்ஸ் நாலு வேக ஆட்டோமேட்டிக். முரட்டுப் பிள்ளை, சட்டென்று சாகாது. அதன் வழக்கமான புகார் ஒன்றே ஒன்று: நாற்பது, ஐம்பது மைல் வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது, சாலையோர வேகத்தடைப் பட்டைகள் மேல் ஏறியது போல ஒரு அதிர்வு. டயர் பேலன்ஸ் என்று நினைத்து டயர்க் கடைக்குப் போவார்கள். பெரும்பாலும் அது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்டரின் கிளட்ச் பிடிக்கும்போது வழுக்குவது. ஆயில் பழசாகிவிட்டது என்பதன் அறிகுறி. ஃபோர்டு சொல்லும் மெர்கான் வி வகை ஆயிலை, கன்வெர்டரில் உள்ளதையும் சேர்த்து முழுக்க வடித்து மாற்றினால் பெரும்பாலான கார்களில் அடங்கிவிடும். நண்பருக்கு இருநூற்றைம்பது டாலரில் அடங்கியது. இதே அதிர்வுக்குக் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று இரண்டாயிரம் டாலர் கேட்ட பட்டறையும் இருந்தது, பெயர் வேண்டாம்.

முன்பக்கச் சக்கர வேலை என்பது இந்தக் காரில் பழுதென்றே எண்ணக்கூடாது, வாடகை மாதிரி. ஏறக்குறைய 1,850 கிலோ எடை, அதில் கனத்த பாதி முன்னால். பால் ஜாயின்ட், டை ராடு முனை, ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் முறை வைத்துத் தேயும். மேடு பள்ளத்தில் டொக் டொக் சத்தம், டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாவது, இவையே அடையாளம். பாகங்கள் மலிவு. இரண்டு பக்கமும் போட்டு வீல் அலைன்மென்ட்டோடு எழுநூறு டாலருக்குள் முடிந்தது. 2003-இல் முன் சேசிஸையும் ஸ்டீயரிங்கையும் முற்றிலும் மாற்றியமைத்தார்கள். அதற்கு முந்திய காரின் பாகம் பிந்தியதற்குப் பொருந்தாது. ஆர்டர் போடும்போது ஆண்டைச் சரியாகச் சொல்லுங்கள்.

துரு மட்டும் வாடகை இல்லை. அது தூக்குக் கயிறு. ஓஹாயோ, மிச்சிகன், நியூயார்க், ஒன்டாரியோ பக்கம் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். தனி சேசிஸ் வைத்த கார் என்பதால் துரு வெளிப்பாடியில் தெரிவதற்கு முன்பே அடியில் வேலையைக் காட்டியிருக்கும். பாடியும் சேசிஸும் சேரும் ரப்பர் தாங்கிகள், பின் கன்ட்ரோல் ஆர்ம் பிடிக்கும் இடம், பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள். லிஃப்டில் ஏற்றி ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால், நல்ல இரும்பு கணீரென்னும். மக்கியது பொத்தென்று ஒலித்து ஓடு ஓடாக உதிரும். நண்பரின் காரில் சேசிஸ் தப்பித்தது. பின் பிரேக் குழாய் மட்டும் விரலால் தேய்த்தாலே செதில் செதிலாக வந்தது. அதை மாற்றாமல் ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றதில் அவருக்கு வருத்தம்தான்.

இதோடு சேர்த்து ஒன்று. 2005 முதல் 2011 வரையான இந்தக் குடும்பத்துக் கார்களில், உப்புச் சாலை மாகாணங்களில், ஸ்டீயரிங் தண்டின் கீழ்ப்பகுதி அரித்துப்போய் இறுகிவிடவோ பிரிந்துவிடவோ கூடும் என்று 2013-இல் ஃபோர்டு ரீகால் (கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) அறிவித்தது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள்.  ஏலத்தில் போகும் கார்களில் இந்த இலவச வேலைகளைச் செய்திருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் இணையத்தளத்தில் காரின் 17 எழுத்து அடையாள எண்ணைப் போட்டால் பாக்கி உள்ள ரீகால் எல்லாம் வந்துவிடும். நண்பருக்கு இந்த ஸ்டீயரிங் வேலை பாக்கி இருந்தது. ஃபோர்டு டீலரிடம் காசில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்தது மின்சாரம். போலீஸ் கார் வாங்குபவர் தனியாகப் படிக்க வேண்டிய பாடம் இது. பணியிலிருந்து நீக்கும்போது விளக்கு, சைரன், ரேடியோ, கம்ப்யூட்டர் ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிக்கொள்வார்கள். கழற்றுவது என்றால் வயரை வெட்டிவிட்டு இழுத்துக்கொள்வது. டாஷ்போர்டுக்கு அடியில், இருக்கைக்குக் கீழே, டிக்கியில் மூட்டை மூட்டையாக வெட்டிய வயர்முனைகள். சிலதில் இன்னும் மின்சாரம் ஓடும். கூரையில் ஆன்டெனா இருந்த ஓட்டையை ஒரு பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருப்பார்கள். மழை பெய்தால் உள்கூரைத் துணியில் வட்டக் கறை.

நண்பரின் கார் இரண்டு நாள் ஓட்டாமல் நின்றால் பேட்டரி செத்துவிடும். புது பேட்டரி போட்டார், மூன்றாம் நாள் அதே நிலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். எல்லாம் அணைந்து, கம்ப்யூட்டர்கள் தூங்கப் போன பிறகு சில பத்து மில்லி ஆம்பியருக்குமேல் ஓடக்கூடாது. இங்கே ஒரு ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் எண் இறங்கவில்லை. காரணம், போலீஸ் கருவிகளுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாகப் போன ஒரு தடித்த வயர். காரின் பியூஸ் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு டிக்கிவரை போனால், பக்கவாட்டு விரிப்புக்குப் பின்னால் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு சிறு டைமர் பெட்டி, சின்னச் சிவப்பு விளக்கோடு, உழைத்துக்கொண்டிருந்தது. வயரை பேட்டரி முனையிலேயே கழற்றியதும் தீர்ந்தது. செலவு பூஜ்யம், அதற்கு முன் வாங்கிய பேட்டரியைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

பின் கதவுகளும் அப்படியே. உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி இணைப்புத் தண்டைக் கழற்றியிருப்பார்கள். பின்னால் குழந்தைகளையோ வயதானவர்களையோ உட்காரவைக்கும் முன் அதைச் சரிசெய்வது முதல் வேலை. பாகம் சில டாலர்தான், கதவின் உள் அட்டையைக் கழற்றுவதுதான் பாடு.

2003 முதல் 2005 வரையான கார் என்றால் ஹெட்லைட் விவகாரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் ரிலேயின் ஈயப்பற்று சூட்டில் விட்டுப்போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஹெட்லைட்டும் அணைந்துவிடும். பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. ஃபோர்டு உத்தரவாதத்தை நீட்டித்தது. இருட்டில் அப்படி ஆனால் ஹை பீம் அடிக்கும் நெம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டால் வெளிச்சம் வரும். அதை வைத்து ஓரம் கட்டலாம். நல்ல சாலிடரிங் தெரிந்தவர் அந்தப் பெட்டியை அரை மணியில் சரிசெய்துவிடுவார்.

பெட்ரோல் டாங்க் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பின் ஆக்சிலுக்குப் பின்னால், டிக்கிக்கு முன்னால் செங்குத்தாக நிற்கிறது டாங்க். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்ற போலீஸ் கார்களின் பின்னால் வேகமாக வந்த வாகனம் மோதித் தீப்பிடித்துக் காவலர்கள் இறந்த சம்பவங்கள் பெரிய விவகாரமாயின. பாதுகாப்பு அமைப்பு 2001-இல் விசாரணை தொடங்கி, அடுத்த ஆண்டு குறைபாடு என்று தீர்மானிக்காமலே மூடியது. அதே 2002-இல் ஃபோர்டு, டாங்கைக் குத்தக்கூடிய கூரிய பாகங்களுக்குத் தடுப்புக் கவசங்களைப் போலீஸ் கார்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2005 மாடலில் தீயணைப்பு அமைப்பையே விருப்பத் தேர்வாகச் சேர்த்தது. போலீஸ் மாதிரி நெடுஞ்சாலையோரம் நின்றே பிழைப்பவருக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். இருந்தாலும் கவசம் பொருத்தியிருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றியபோதே பார்த்துவிடலாம். டிக்கியில் ஜாக்கி, கடப்பாரை போன்றவற்றைக் கூர்முனை டாங்க் பக்கம் இருக்குமாறு போடாதீர்கள்.

இப்போது பணக் கணக்கு. நண்பர் காரின் முதல் ஆண்டுப் பழுதுச் செலவு: மேனிபோல்டு, முன் சக்கர வேலை, கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் குழாய், நாலு 17 அங்குல டயர், பேட்டரி. கூட்டினால் காருக்குக் கொடுத்ததில் முக்கால் பங்குக்கு மேல், இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பக்கம். இரண்டாம் ஆண்டில் அது சில நூறாக இறங்கிவிட்டது. பழைய பெரிய காரின் செலவு இப்படித்தான் வரும். முன்னவர் ஒத்திப்போட்டது எல்லாம் முதல் ஆண்டில் நம் தலையில் விழும். வாங்கும் விலைக்குச் சமமான தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வாங்குபவர் நிம்மதியாகத் தூங்குவார். கையில் இருக்கும் அத்தனையையும் ஏலத்தில் போட்டுவிட்டு வருபவருக்குத்தான் இந்தக் கார் சனியாகிறது.

பழுது ஓயும், பெட்ரோல் ஓயாது. அரசுக் கணக்குப்படி இந்தக் கார் நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து கேலனுக்கு 18, 19 மைல். நகரத்துக்குள் மட்டும் என்றால் 15, 16-தான். ஆண்டுக்கு 12 ஆயிரம் மைல், கேலன் மூன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால் 18 மைல் வீதத்தில் 2,330 டாலர் ஆகிறது. அதே வயதுள்ள நாலு சிலிண்டர் டொயோட்டா கேம்ரி 25 மைல் கொடுக்கும்; 1,680 டாலர். வித்தியாசம் ஆண்டுக்கு 650. நாலு ஆண்டு ஓட்டினால் 2,600. மலிவாக வாங்கிவிட்டோம் என்ற லாபம் அங்கே கரைந்துவிடுகிறது. அதற்கு மேல் ஓட்டினாலோ, தினமும் நெரிசலில் ஊர்ந்தாலோ யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

உடனே கேம்ரிதான் சரி என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. 2007 முதல் 2009 வரையான அதன் 2.4 லிட்டர் இன்ஜின் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது. டொயோட்டாவே உத்தரவாதத்தை நீட்டித்தது. அத்தோடு, அதே தேய்மானத்தில் அது இரண்டு மடங்கு விலை சொல்லும். ஆண்டுக்கு ஐயாயிரம் மைலுக்குள் ஓட்டுபவருக்கு, வீட்டு வாசலில் வேலை செய்யத் தயங்காதவருக்கு கிரவுன் விக்டோரியா லாபம். ஆயில் மாற்ற ஆறு குவார்ட் 5டபிள்யூ-20 வகை ஆயில், ஒரு ஃபில்டர், முப்பது நாற்பது டாலர். இன்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கிறது. இந்தக் காலத்துக் கார்களில் அது எவ்வளவு பெரிய வரம் என்பது பேட்டரியை மாற்ற முன் பம்பரைக் கழற்றியவர்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் வயதான கார் என்பதால் எதிர்த்தரப்புப் பாதுகாப்பு மட்டும் எடுத்தால் போதும், பெரிய தொகையில்லை.

தினமும் நாற்பது மைல் வேலைக்குப் போய்வருபவர், வீட்டில் இது ஒன்றே கார் என்பவர், பட்டறையை மட்டுமே நம்புபவர் இதைத் தொட வேண்டாம். பனிக்காலத்தில் பின்சக்கர ஓட்டம் வேறு. ஸ்னோ டயர் இல்லாமல் ஏற்றமான தெருவில் ஏறாது. அதற்குத் தனியாக நானூறு, ஐந்நூறு.

இந்தக் குடும்பத்துக் கார்தான் வேண்டும் என்றால் போலீஸ் ஏலத்தை விட்டுவிட்டு கிராண்ட் மார்க்கியைத் தேடச் சொல்வேன். அதே சேசிஸ், அதே இன்ஜின், ஆனால் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள் வாங்கியது. வயர் வெட்டியிருக்காது, கூரையில் ஓட்டை இருக்காது. ஃபுளோரிடா, அரிசோனா பக்கத்துக் கார் என்றால் துருவும் இருக்காது. மெர்க்குரி பிராண்டே 2011 தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டதால் பெயருக்காக யாரும் கூடுதல் விலை சொல்வதில்லை. அதில் கவனிக்க வேண்டியது வேறு. சில மாடல்களில் பின்னால் காற்று ஸ்பிரிங் இருக்கும். ரப்பர் வெடித்துக் காற்று கசிந்தால், இரவில் நிறுத்திய கார் காலையில் பின்பக்கம் குந்தியிருக்கும். அதை ஈடுகட்ட ஓடி ஓடி கம்ப்ரசரும் எரிந்துபோகும். சாதாரணச் சுருள் ஸ்பிரிங் போட்டு மாற்றிவிடுவதே மலிவு. தானியங்கி ஏசி வைத்ததில் காற்று திடீரென்று முன்கண்ணாடிப் பக்கம் மட்டுமே வரத் தொடங்கினால் ஏசியே போய்விட்டது என்று பதற வேண்டாம். கன்ட்ரோல் பலகைக்குப் பின்னால் இறுகிப்போன நாலு சின்ன ரப்பர் வளையங்கள், சில டாலர் சமாச்சாரம்.

நண்பர் இன்னும் அந்தக் காரை வைத்திருக்கிறார், இரண்டாவது காராக. வேலைக்கு ஒரு சிறிய ஹைபிரிட் வாங்கிவிட்டார். விமான நிலையத்துக்கும் ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போதும்தான் கிரவுன் விக்டோரியா வெளியே வருகிறது. போன வாரம் ஏசி கம்ப்ரசரின் கிளட்ச் கத்தத் தொடங்கியிருக்கிறது. பழைய இரும்புக் கடையில் நாற்பது டாலருக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம்.